நடுக்கடலில் மீன் பண்ணை: அனுமதி கொடுப்பது யார், பொறுப்பேற்பது யார்?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் கூட்டாட்சிக் கடற்பரப்பில் மிதவைக் கூண்டுகள் அமைத்து மீன் வளர்ப்பதை அந்நாட்டு அரசு விரைவுபடுத்த முனைவதையும், அங்குள்ள மீனவர் சங்கங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் அதை எதிர்ப்பதையும் பற்றி இப்பகுதியில் முன்பு ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடற்கரை மாவட்டங்களிலிருந்து வந்தவை. ஒரே பொருளைச் சுற்றியே கேள்விகள் அமைந்திருப்பதால், இந்த இதழ்ப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: “கூட்டாட்சிக் கடற்பரப்பு” என்று எழுதியிருந்தீர்கள். கடலில் எந்த இடத்தில் கோடு போட்டு, இது மாநிலத்துக்கு, இது நடுவண் அரசுக்கு என்று பிரிக்கிறார்கள்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களின் அதிகாரம் கரையிலிருந்து 3 கடல் மைலோடு முடிந்துவிடுகிறது. டெக்சாஸ் மாநிலத்துக்கும், புளோரிடாவின் மேற்குக் கரைக்கும் மட்டும் பழைய எல்லை உரிமைகளின் அடிப்படையில் 9 கடல் மைல் வரை உண்டு. அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை விரிந்து கிடக்கும் கடலைத்தான் கூட்டாட்சிக் கடற்பரப்பு என்கிறார்கள். 1983-ல் அதிபர் ரீகன் வெளியிட்ட பிரகடனத்தின் மூலம் அது அந்நாட்டின் தனிப் பொருளாதார மண்டலம் ஆயிற்று. நம் நாட்டில் மாநிலத்தின் மீன்பிடி அதிகாரம் 12 கடல் மைல் வரை செல்வதால், அவர்களுடைய மாநிலக் கடல் நம்முடையதைவிடக் குறுகியது.

இந்தக் கோட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று நீங்கள் கேட்கக்கூடும். அலாஸ்கா மாநிலம் 1990-லேயே தன் கடலில் துடுப்பு மீன்களை, அதாவது சிப்பி, இறால் போன்றவை அல்லாத சால்மன் வகை மீன்களை, பண்ணை முறையில் வளர்ப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. ஆனால், அந்தத் தடை மாநில எல்லையோடு நின்றுவிடும். எல்லையைத் தாண்டி ஒரு மைல் தள்ளிக் கூண்டு கட்ட ஒரு நிறுவனம் வந்தால் முடிவெடுப்பது வாஷிங்டனிலுள்ள நடுவண் அரசுதான். கூண்டிலிருந்து தப்பும் மீனும், கூண்டில் பரவும் நோயும் அந்தக் கோட்டைப் பார்த்து நிற்கப்போவதில்லை.

கேள்வி: அரசே விதிமுறைகளை வகுத்து வெளியிட்ட பிறகும், அவற்றை நீதிமன்றம் ரத்து செய்தது ஏன்? விதியே இல்லாமல் இருப்பதைவிட ஏதோ ஒரு விதி இருப்பது நல்லதல்லவா?
– சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: இந்த விவகாரத்தின் மையமே உங்கள் கேள்விதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கடல் மீன்வளத்தை நிர்வகிக்கும் அடிப்படைச் சட்டம் 1976-ல் இயற்றப்பட்ட மேக்னசன்–ஸ்டீவன்ஸ் சட்டம். அந்நிய நாட்டு இழுவைக் கப்பல்கள் தங்கள் கரைக்கு அருகே வந்து மீனை வாரிச் செல்வதைத் தடுக்கவும், தங்கள் மீனவர்களும் அளவுக்கு மீறிப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளவும் கொண்டுவரப்பட்ட சட்டம் அது. அதன் கீழ் 8 வட்டார மீன்வள மேலாண்மைக் குழுக்கள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றான மெக்சிகோ வளைகுடாக் குழு, 2009-ல் கடல் பண்ணைகளுக்கென ஒரு திட்டத்தை நிறைவேற்றியது. அந்தத் திட்டத்தைச் செயல்படுத்தும் இறுதி விதிகளை, நோவா என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியப் பெருங்கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம் 2016 ஜனவரியில் வெளியிட்டது. வளைகுடாவில் 20 பண்ணைகள் வரை அமைக்கலாம், ஆண்டுக்கு மொத்தம் 6 கோடியே 40 லட்சம் பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 29,000 டன் மீன் எடுக்கலாம், முதல் அனுமதி 10 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பவை அதன் முக்கியக் கூறுகள். அந்த வட்டாரத்தைச் சேர்ந்த இன மீன்களைத்தான் வளர்க்க வேண்டும், மரபணு மாற்றப்பட்ட மீன் கூடாது போன்ற நல்ல நிபந்தனைகளும் அதில் இருந்தன என்பதை மறைக்கக் கூடாது.

மீனவர் சங்கங்களும், சுற்றுலாப் பயணிகளைத் தூண்டில் மீன்பிடிக்க அழைத்துச் செல்லும் படகுக்காரர்களின் சங்கங்களும், சுற்றுச்சூழல் அமைப்புகளும் சேர்ந்து வழக்குத் தொடர்ந்தன. மீன்பிடித் தொழிலுக்கான சட்டத்தை வைத்துக்கொண்டு மீன் பண்ணைக்கு அனுமதி கொடுக்க முடியுமா என்பதே வழக்கின் கேள்வி. அந்தச் சட்டம் “மீன்பிடித்தல்” என்பதற்குத் தரும் விளக்கத்தில், பிடித்தல், எடுத்தல் என்ற சொற்களோடு அறுவடை செய்தல் என்ற சொல்லும் வருகிறது. பண்ணை மீனை எடுப்பதும் அறுவடைதானே, ஆகவே அது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது என்றது அரசு. 2018-ல் லூயிசியானா மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்க மறுத்தது. 2020 ஆகஸ்டில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை உறுதி செய்தது. சட்டத்தின் மற்ற பிரிவுகள் அனைத்தும் இயற்கையாகக் கடலில் திரியும் மீனைப் பற்றியே பேசும்போது, ஒரே ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு புதியதொரு தொழிலையே அதற்குள் கொண்டுவர முடியாது என்பதும், அப்படிப்பட்ட அதிகாரத்தைத் தர விரும்பியிருந்தால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கும் என்பதும் தீர்ப்பின் சாரம்.

நம் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. விசைப்படகில் போய்த் திரும்பும் ஒருவர் “இன்று மீன் பாடு எப்படி?” என்றுதான் பேசுவாரே தவிர, “அறுவடை” என்று சொல்ல மாட்டார். அந்தச் சொல்லைக் குளத்தில் கெண்டை வளர்ப்பவரும் இறால் குட்டை வைத்திருப்பவரும்தான் பயன்படுத்துகிறார்கள். குஞ்சு விட்டு, தீவனம் போட்டு, காவல் காத்து எடுப்பது ஒரு தொழில். யாருக்கும் சொந்தமில்லாத மீனைத் தேடிப்போய்ப் பிடிப்பது வேறொரு தொழில். முதல் தொழிலுக்குக் கடலின் ஒரு பகுதியை வேலி கட்டி ஒருவருக்கு ஒதுக்கித் தரவேண்டியிருக்கிறது. பொதுச் சொத்தை அப்படி ஒதுக்கித் தருவதற்கு, மக்கள் பிரதிநிதிகள் விவாதித்து இயற்றிய தெளிவான சட்டம் வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது என் பார்வையில் மிகச் சரி.

ஏதோ ஒரு விதி இருப்பது நல்லதல்லவா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதிகாரமில்லாத இடத்திலிருந்து பிறக்கும் விதிக்கு ஆயுள் குறைவு. பண்ணைக்காரர் கோடிக்கணக்கில் முதலீடு செய்த பிறகு அது செல்லாது என்று ஆனால் அவருக்கும் நட்டம், அதை நம்பியிருந்த கடலோர மக்களுக்கும் பாதுகாப்பு இல்லை. கடல் பண்ணைக்கான தனிச் சட்ட மசோதாக்கள் 2005-லிருந்தே காங்கிரஸில் திரும்பத் திரும்ப முன்வைக்கப்பட்டும் நிறைவேறவில்லை. அந்தக் குறையைப் பழைய சட்டத்தை இழுத்து நீட்டி ஈடுகட்ட முயன்றதுதான் தவறு.

கேள்வி: உள்ளூர் இன மீனைத்தான் வளர்க்க வேண்டும் என்று விதி இருந்தால், நான்கு மீன் தப்பிப் போவதால் என்ன கெட்டுவிடும்? அதுவும் கடல் மீன்தானே?
– வாசகர், சென்னை

பதில்: நான்கு மீன் தப்புவதில்லை என்பதே முதல் பதில். 2017 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்தின் சைப்ரஸ் தீவுக்கு அருகே ஒரு நிறுவனத்தின் கூண்டு வரிசை அப்படியே சரிந்தது. அதில் இருந்த மீன்கள் சுமார் 3,05,000. அவை பசிபிக் கடலுக்கே அந்நியமான அட்லாண்டிக் சால்மன்கள். அவற்றில் 2,43,000 முதல் 2,63,000 வரை தப்பியிருக்கலாம் என்று மாநில அரசின் விசாரணை கணக்கிட்டது. நிறுவனம் சொன்ன எண்ணிக்கை இதைவிட மிகவும் குறைவு. தப்பிய மீன்கள் தங்கள் ஆறுகளுக்குள் நுழைந்துவிடுமோ என்று அஞ்சி, லம்மி பழங்குடி மீனவர்கள் இரவும் பகலுமாகப் படகெடுத்து அவற்றைப் பிடித்தார்கள்.

கூண்டு ஏன் சரிந்தது என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன். சூரிய கிரகணத்தையொட்டி எழுந்த பெரும் நீரோட்டமே காரணம் என்று நிறுவனம் முதலில் கூறியது. விசாரணையின் முடிவு வேறாக இருந்தது. வலைகளை ஒழுங்காகச் சுத்தம் செய்யாததால், ஆளி என்னும் சிப்பிகளும் பிற கடலுயிர்களுமாக சுமார் 110 டன் எடை வலைகளில் ஏறியிருந்தது என்றும், நீரோட்டம் அந்தச் சுமையைப் பிடித்துத் தள்ளியபோது நங்கூரங்கள் தாங்கவில்லை என்றும் அறிக்கை கூறியது.

இதைப் படித்தபோது இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கடற்கரையில் பார்த்த காட்சிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. 6 மீட்டர் விட்டமுள்ள சிறு கூண்டு ஒன்றில் வலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கட்டும் வலையை ஓர் இளைஞர் தனி ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு வந்து படகில் இறக்கினார். சில மாதங்களாக நீரில் கிடந்த அதே அளவுள்ள பழைய வலையை ஆறு பேர் சேர்ந்து இழுத்தபோது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணியே தெரியாதபடி கொட்டலசும் பாசியும் சிறு ஆளிகளும் அப்பியிருந்தன. இழுத்தவர்களின் உள்ளங்கைகளில் கொட்டலசு கீறிய இரத்தக் கோடுகள். கரைக்கு அருகே, அமைதியான நீரில், கண்ணெதிரே இருக்கும் ஒரு சிறு கூண்டின் நிலை இது. கரையிலிருந்து 40 மைல் தள்ளி, பெரும் புயல்கள் அடிக்கும் வளைகுடாவில், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் எடுக்கும் பண்ணையின் வலையை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பார்கள் என்ற கேள்வியை அங்குள்ள மக்கள் எழுப்புவது எனக்கு முழுக்க நியாயமாகவே படுகிறது.

உள்ளூர் இனம் என்ற வாதத்துக்கு நார்வே ஒரு பதில். அங்கே வளர்க்கப்படும் சால்மன் அந்த நாட்டின் சொந்த மீன்தான். ஆனால், வேகமாக எடை போட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட மீன் அது. அவை தப்பிப்போய் ஆற்று மீன்களோடு கலந்ததன் மரபுத் தடயம், ஆராயப்பட்ட ஆறுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் காணப்படுகிறது. கூண்டுக்குள் கொழுக்கத் தெரிந்த மீனின் வாரிசு, ஆற்றில் எதிர்நீச்சல் போட்டுப் பிழைக்கவும் தெரிந்ததாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கூண்டுகளில் பெருகிய கடல் பேன் என்னும் ஒட்டுண்ணிகள் அவ்வழியே கடலுக்குப் போகும் சால்மன் குஞ்சுகளைப் பற்றிக்கொள்வதும் அங்கே தீராத தலைவலியாகி, 2017 முதல் கடற்பகுதி வாரியாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்து உற்பத்தியைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டிய நிலைக்கு அந்நாடு வந்தது.

கேள்வி: கடல் எவ்வளவு பெரியது! மீன் கழிவும் மிஞ்சிய தீவனமும் அதில் கரைந்து காணாமல் போய்விடாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஓரளவுக்குக் கரையும். ஆழமும் நல்ல நீரோட்டமும் உள்ள இடத்தில் கூண்டு அமைந்தால், கரையோரக் கழிமுகத்தில் அமைவதைவிடப் பாதிப்பு குறைவு என்பது உண்மையே; பண்ணைகளை ஆழ்கடலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பவர்களின் வலுவான வாதமும் இதுதான். ஆனால், மெக்சிகோ வளைகுடா ஏற்கெனவே சுமை தாங்கிக்கொண்டிருக்கும் கடல். மிசிசிப்பி ஆறு கொண்டுவந்து கொட்டும் உரச்சத்தினால் ஒவ்வொரு கோடையிலும் அங்கே உயிர்வளி மிகக் குறைந்த “இறந்த மண்டலம்” ஒன்று உருவாகிறது. 2017-ல் அதன் பரப்பு 8,776 சதுர மைல். புளோரிடாவின் மேற்குக் கரையில் 2017 இறுதியில் தொடங்கிய செந்நுரைப் பாசிப் பெருக்கம் ஓராண்டுக்கும் மேல் நீடித்து, டன் கணக்கில் மீன்களும் கடலாமைகளும் செத்துக் கரை ஒதுங்கின. அந்தக் கரையில் வாழ்பவரிடம் போய், இன்னும் கொஞ்சம் நைட்ரஜன் சேர்வதால் ஒன்றும் ஆகாது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

விதியில் உள்ள ஓட்டையையும் பாருங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004-ல் வெளியிட்ட கழிவு விதிகள் ஆண்டுக்கு 1,00,000 பவுண்டும் அதற்கு மேலும் உற்பத்தி செய்யும் கூண்டுப் பண்ணைகளுக்குப் பொருந்தும். அவற்றில், தீவனத்தைச் சிக்கனமாகப் போடுங்கள், செத்த மீனை அப்புறப்படுத்துங்கள், பதிவேடு வையுங்கள் என்பது போன்ற நடைமுறைகள் சொல்லப்பட்டிருக்கின்றனவே தவிர, கழிவில் இன்ன பொருள் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்ற எண் வரம்பு எதுவும் இல்லை. அளவு குறிப்பிடாத விதியை மீறினாரா இல்லையா என்று நிரூபிப்பது எப்படி?

கேள்வி: அங்குள்ள மீனவர்கள் பயப்படுவது கடலுக்காகவா, தங்கள் பிழைப்புக்காகவா?
– விசைப்படகு உரிமையாளர், இராமநாதபுரம்

பதில்: இரண்டுக்காகவும்தான், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்பது உங்களுக்கே தெரியும். கூண்டைச் சுற்றி மற்றவர்கள் நுழையக் கூடாத பகுதி ஒன்று உருவாகும். வளைகுடாவில் ஏற்கெனவே எண்ணெய்த் துரப்பண மேடைகள், கப்பல் தடங்கள், இராணுவப் பயிற்சிப் பகுதிகள் போக மிஞ்சியதில்தான் இறால் இழுவைப் படகுகள் ஓடுகின்றன. 2021-ல் நோவா வெளியிட்ட வரைபடத் தொகுப்புகள் வளைகுடாவில் 9 இடங்களையும் தெற்குக் கலிஃபோர்னியாவில் 10 இடங்களையும் பண்ணைக்கு ஏற்றவையாக அடையாளம் காட்டின. வரைபடத்தில் பார்க்கும்போது அவை சிறு கட்டங்கள். அந்தக் கட்டத்துக்குள் வழக்கமாக வலையிழுப்பவருக்கு அதுதான் மீன் பாடு கிடைக்கும் இடம்.

விலை அச்சம் பழைய அனுபவத்திலிருந்து வருவது. 1990-களில் நார்வேயிலும் சிலியிலும் வளர்த்த சால்மன் சந்தையில் குவிந்தபோது, அலாஸ்கா மீனவர் ஆற்றுமுகத்தில் பிடித்த இயற்கை சால்மனின் விலை சரிந்து, பலர் படகையும் உரிமத்தையும் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். மலிவாகக் கிடைத்தால் வாங்கிச் சாப்பிடுபவருக்கு நல்லதுதானே என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால், மலிவு என்ற பெயரில் இழப்பு முழுவதும் ஒரே பிரிவினரின் தலையில் விழுவதாக இருந்தால், அவர்களைக் கேட்காமல் முடிவு எடுக்கக் கூடாது.

கேள்வி: நாங்கள் பத்துப் பெண்கள் சேர்ந்து குழுவாகக் கூண்டில் கடல் விரால் வளர்க்கிறோம். உங்கள் குறிப்பைப் படித்தால், கூண்டு மீன் வளர்ப்பே தீமை என்பது போல இருக்கிறது. எங்கள் தொழிலையும் எதிர்க்கிறீர்களா?
– வாசகி, மண்டபம் பகுதி

பதில்: இல்லை அம்மா. அப்படி ஒரு தோற்றத்தை என் குறிப்பு தந்திருந்தால் அது என் எழுத்தின் குறை; வருந்துகிறேன். கோபியா என்று அழைக்கப்படும் கடல் விராலைச் சினைப்படுத்திக் குஞ்சு பொரிக்கவைப்பதில் மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2010-ல் வெற்றி கண்டது நம் கரையோரக் குடும்பங்களுக்குப் புதிய வருவாய் வழியைத் திறந்தது என்பதை நான் மதிக்கிறேன். மன்னார் வளைகுடாவில் பிடிக்கும் மீன் குறைந்துவரும் காலத்தில் அந்த வழியை அடைக்கச் சொல்பவன் அல்லன் நான்.

அமெரிக்க அரசின் வாதத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. அந்நாட்டு மக்கள் உண்ணும் கடலுணவில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. அவர்கள் இறக்குமதி செய்யும் இறாலில் முதலிடம் நம் இந்தியாவுக்குத்தான். பிறர் கடலையும் பிறர் கழிமுகத்தையும் நம்பி உண்பதைவிட, தன் கடலில், தன் சட்டத்துக்கு உட்பட்டு வளர்த்து உண்பது நேர்மையானது என்று அவர்களில் சிலர் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை.

இரண்டு வேறுபாடுகளை மட்டும் பாருங்கள். ஒன்று, அளவு. உங்கள் கூண்டில் ஏதாவது கோளாறு என்றால் உங்கள் குழுவுக்குத்தான் முதலில் தெரியும், நட்டமும் உங்களுக்குத்தான். அதனால் தினமும் போய்ப் பார்க்கிறீர்கள். மற்றொன்று, தீவனம். கடல் விரால், சால்மன், பாறை மீன் எல்லாம் மீனைத் தின்று வளர்பவை. பெரும் பண்ணைகளுக்கான தீவனத்தில் சேரும் மீன்மாவும் மீன் எண்ணெயும் பெரு நாட்டுக் கரையின் நெத்திலி போன்ற சிறு மீன்களிலிருந்து வருகின்றன. இப்போது சோயா முதலியவற்றைக் கலந்து மீன்மாவின் பங்கைக் குறைத்திருக்கிறார்கள். ஆனாலும், ஏழை உண்ணக்கூடிய மீனை அரைத்துப் பணக்காரர் உண்ணும் மீனாக மாற்றும் தொழிலாக இது வளர்ந்துவிடக் கூடாது என்ற கவலை தீர்ந்தபாடில்லை. நீங்கள் போடும் மத்தியும் கழிசல் மீனும் எங்கிருந்து, என்ன விலைக்கு வருகின்றன என்பதை உங்கள் குழு எழுதிவைத்து வந்தால், அந்தக் கணக்கு நாளை உங்களுக்கே பயன்படும். ஆளிக்கும் கடற்பாசிக்கும் தீவனமே வேண்டாம். அவற்றைத் துடுப்பு மீனோடு சேர்த்து ஒரே தட்டில் வைத்து மதிப்பிடுவது பொருத்தமாகாது.

கேள்வி: இறால் பண்ணைகளால் நிலத்தடி நீர் உப்பாகிப் போனதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். அமெரிக்காவுக்கு நம் அனுபவத்திலிருந்து ஏதாவது பாடம் உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகப்பட்டினம்

பதில்: உண்டு ஐயா. உங்கள் மாவட்டத்தில் முதலில் வந்தது பண்ணை, பிறகு வந்தது போராட்டம், கடைசியாகத்தான் சட்டம். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த, பாரம்பரியமல்லாத இறால் குட்டைகளை அகற்றச் சொன்னது. ஆனால், 2005-ல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தீர்ப்பின் கடுமையைப் பெருமளவு தளர்த்திவிட்டது. 2023-ல் அதே சட்டம் திருத்தப்பட்டுக் கூண்டு வளர்ப்பும் கடற்பாசி வளர்ப்பும் அதன் வரம்புக்குள் வந்தன. முன்பிருந்த சிறைத் தண்டனை நீங்கி, அபராதம் மட்டும் நின்றது. பண்ணைகள் வேரூன்றி, அவற்றைச் சார்ந்து முதலீடும் வேலையும் ஏற்றுமதியும் வளர்ந்த பின்னர் இயற்றப்படும் சட்டம், பண்ணைகளை முறைப்படுத்தும் சட்டமாக இல்லாமல், இருப்பதை அங்கீகரிக்கும் சட்டமாகவே அமைந்துவிடுகிறது. அமெரிக்கர்கள் இந்த விஷயத்தில் இன்னும் தாமதமாகவில்லை. அவர்களுடைய கூட்டாட்சிக் கடலில் துடுப்பு மீன் பண்ணைத் தொழில் இன்னும் வேரூன்றவில்லை. சட்டத்தை முதலில் எழுதுவதற்கான காலம் இதுதான்.

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். இப்போது நிலவரம் என்ன? என்னைப் போன்ற ஒருவர் கருத்துச் சொல்ல வழி உண்டா?
– வாசகர், அமெரிக்கா

பதில்: வழி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். கூட்டாட்சி முகமை எதுவும் விதியையோ அனுமதியையோ இறுதி செய்வதற்கு முன் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது அங்கே சட்டம். புளோரிடாவின் சரசோட்டா கரையிலிருந்து சுமார் 45 மைல் தொலைவில், ஒரே கூண்டில் சுமார் 20,000 பாறை இன மீன்களை வளர்க்கும் சோதனைத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் கழிவு வெளியேற்ற அனுமதி அளித்தபோது, அதற்கு முன்பே பல்லாயிரம் கருத்துகள் குவிந்திருந்தன; எதிர்ப்பாளர்கள் மேல்முறையீட்டுக்கும் போனார்கள். “நான் எதிர்க்கிறேன்” என்று ஒரு வரி எழுதி அனுப்புவதால் பயன் குறைவு. எந்தப் பிரிவில், எந்தக் கணக்கில் குறை என்று சுட்டி எழுதினால் முகமை அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பின்னாளில் வழக்குக்கும் அதுவே ஆதாரமாகும்.

நிலவரத்தைப் பொறுத்தவரை, அதிபர் டிரம்ப் 2020 மே மாதம் கையெழுத்திட்ட ஆணை, கடல் பண்ணைக்கு ஏற்ற பகுதிகளை அடையாளம் காணும்படி நோவாவைப் பணித்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கக் கடலுணவுத் தொழிலை ஊக்குவிக்க மேலும் ஓர் ஆணை வந்தது. ஆணைகள் வேலையை விரைவுபடுத்தலாம். நீதிமன்றம் இல்லை என்று சொன்ன அதிகாரத்தை அவற்றால் உண்டாக்க முடியாது. ஆகவே ஒரு பண்ணைக்கு அனுமதி வேண்டுமென்றால் இன்றும் கூண்டை நங்கூரமிட இராணுவப் பொறியாளர் படை, கழிவுக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எச்சரிக்கை விளக்குகளுக்குக் கடலோரக் காவல்படை என்று தனித்தனிக் கதவுகளைத் தட்ட வேண்டும். அருகிவரும் உயிரினங்கள் குறித்து நோவாவின் கருத்தும் வேண்டும். இராணுவப் பொறியாளர் படையின் அதிகாரம் 1899-ஆம் ஆண்டு ஆறு, துறைமுகச் சட்டத்திலிருந்து வருவது. கப்பல் போக்குவரத்துக்குத் தடையில்லாமல் பார்த்துக்கொள்வதற்காக எழுதிய சட்டத்தை வைத்து மீன் பண்ணையை அளக்கிறார்கள். இத்தனை கதவுகள் இருப்பதைச் சிவப்பு நாடா என்று தொழில்துறையினர் குறை சொல்கிறார்கள். எனக்குத் தெரியும் குறை வேறு. இத்தனை கதவுகளில் ஒன்றில்கூட, “இந்த இடத்தில் பண்ணை வரலாமா, கூடாதா?” என்ற முழுக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

கேள்வி: அனுமதி வாங்கிய நிறுவனம் திவாலாகிவிட்டால் கடலில் உள்ள கூண்டையும் கயிற்றையும் யார் அகற்றுவார்கள்?
– வாசகர், கன்னியாகுமரி

பதில்: இதைக் கேட்ட ஒரே வாசகர் நீங்கள்தான், மசோதாவை எழுதுபவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுவே. தெற்குக் கலிஃபோர்னியாவில் லாங் பீச் கரையிலிருந்து சுமார் 6 மைல் தள்ளி, கூட்டாட்சிக் கடற்பரப்பில் 100 ஏக்கர் பரப்பில் ஓர் ஆளிப் பண்ணைக்கு அனுமதி கொடுத்தார்கள். கூட்டாட்சிக் கடலில் அனுமதி பெற்ற முதல் சிப்பிப் பண்ணை என்று அது பெருமையாகப் பேசப்பட்டது. சில ஆண்டுகளில் நிறுவனம் நொடித்து, 2019-ல் திவால் மனு கொடுத்தது. பண்ணையைக் கவனிக்க ஆளில்லாமல் போனபின் கயிறுகளும் மிதவைகளும் கடலிலேயே கிடந்தன. அறுந்தவை மிதந்து போயின. மீனில்லாத, தீவனமில்லாத, தீங்கு மிகக் குறைவு என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வகைப் பண்ணையின் கதை இது.

ஆகவே, கூண்டையும் நங்கூரத்தையும் கடைசிக் கயிறு வரை எடுத்துக் கரை சேர்க்க ஆகும் முழுச் செலவையும் முன்பணமாகவோ வங்கிப் பிணையாகவோ கட்டிய பிறகுதான் முதல் நங்கூரத்தைக் கடலில் இறக்க வேண்டும். தப்பிய மீனைப் பிடிக்கப் படகெடுக்கும் மீனவருக்கான கூலியும் அந்தத் தொகையில் அடங்க வேண்டும்.